தேயாநிலாவின் அக்கா

பெரியவள், சின்னவள் என்றுதான் அம்மா தன் இரண்டு பெண்களையும் கூப்பிட்டாள். இடையில் நாலு வயது வித்தியாசம். அம்மா இருந்தவரை அந்த நாலு வயது அதன் இடத்தில் ஒழுங்காக இருந்தது. அம்மா போய், பெரியவள் சினிமாவுக்கு வந்து, முதல் பேட்டி கொடுத்த அன்று அது குப்புறக் கவிழ்ந்தது.

பெரியவளுக்கு அப்போது இருபத்தாறு. பதினாலு வயதில் மேடையேறி, பன்னிரண்டு வருஷம் தொண்டை கிழியப் பேசி, அழுது, செத்து, மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி செத்து, கடைசியில் ஒரு படத்தில் பதினெட்டு வயதுப் பெண்ணாக நடிக்க வாய்ப்பு வாங்கியிருந்தாள். பத்திரிகைக்காரர் வயது கேட்டார். "இருபத்திரண்டு" என்றாள். அதோடு விட்டிருந்தால் உலகம் ஒன்றும் முழுகிப்போயிருக்காது. அந்த நேரம் பார்த்துச் சின்னவள் டீத் தட்டோடு அறைக்குள் வந்தாள். அவளுக்கு நிஜமாகவே இருபத்திரண்டு. முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது.

"இவங்க?" என்றார் பத்திரிகைக்காரர்.

மேடையில் வசனம் மறந்தால் சமாளிக்கத் தெரிந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? "என் அக்கா" என்றாள் பெரியவள்.

சின்னவள் தட்டைக் கீழே போடவில்லை. சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்டாள்.

அன்றோடு முடிந்திருக்க வேண்டிய பொய். ஆனால் பெரியவள் எதையும் ஒத்திகை இல்லாமல் செய்யமாட்டாள். "வீட்டிலயும் அப்படியே பழகிடுவோம். இல்லைன்னா வெளியில வாய் தவறிடும். நான் உன்னை அக்கான்னு கூப்பிடறேன். நீ என்னைப் பாப்பான்னு கூப்பிடு" என்றாள். சின்னவள் சிரித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை. ஆகவே பழகினார்கள். அந்த ஒத்திகை ஐம்பத்தைந்து வருஷம் நடந்தது. இந்தக் கதை நடக்கும்போது பாப்பாவுக்கு வயது எண்பத்தொன்று.

போஸ்டர்களில் அவளைத் 'தேயாநிலா' என்று போட்டார்கள். வானத்து நிலா மாதம் தவறாமல் தேய்வதை அந்த விளம்பரக்காரர் அண்ணாந்து பார்த்ததில்லை போலிருக்கிறது. அவளுடைய கண்ணீரைப் பற்றித் தனியாகவே கட்டுரைகள் வந்தன. கேமரா இடப்பக்கம் நின்றால் இடது கண்ணில் ஒரு சொட்டு; வலப்பக்கம் நின்றால் வலது கண்ணில் ஒரு சொட்டு. கேமரா பார்க்காத கண் காய்ந்தே இருக்கும். வீணாக்குவானேன்!

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரே நடிகருக்கு அவள் தங்கையாக வந்தாள், காதலியாக வந்தாள், மனைவியாக வந்தாள், நாற்பத்தைந்தில் அம்மாவாகவும் வந்தாள். அவர் மட்டும் நாலு படத்திலும் கல்லூரி மாணவர். அவருடைய வயதை எந்தப் பத்திரிகைக்காரரும் கேட்டதில்லை. இதைச் சொல்லாமல் பெரியவளை மட்டும் கேலி செய்தால் கடவுளுக்கு அடுக்காது.

சின்னவள் அவளுக்கு உடை தைத்தாள், கிழிந்ததை ஒட்டுப் போட்டாள், படியேறும்போது கை கொடுத்தாள். பத்திரிகையில் வந்ததையெல்லாம் கத்தரித்து, மாவுப் பசை காய்ச்சி, பெரிய ஆல்பத்தில் கோணல் இல்லாமல் ஒட்டினாள். "அக்கா" என்ற அந்த முதல் பேட்டியையும் அவளே தன் கையால் ஒட்டினாள்.

சினிமாவுக்கு நடுவிலும் பெரியவள் விடாமல் நடித்த நாடக அரங்கில் ஒரு விளக்குக்காரர் இருந்தார். மேடைக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்து சின்னவள் பித்தான் தைப்பதைப் பார்த்து, கேட்காமலே ஒரு சின்ன விளக்கை அவள் பக்கம் திருப்பி வைத்தவர். மூன்று வருஷம் அந்த விளக்கு அவள் பக்கமே இருந்தது. பிறகு அவர் தன் அம்மாவை அழைத்து வந்து பெண் கேட்டார். சின்னவளுக்கு முப்பது.

அந்த அம்மா விவரமானவர். "தேயாநிலாவுக்கு இருபத்தாறுன்னு பேப்பர்ல போடறாங்க. அதை யாரு நம்பறது? எப்படியும் முப்பத்தஞ்சு இருக்கும். அப்ப அவங்க அக்காவுக்கு நாற்பதுக்குக் குறையாது" என்றார்.

வேடிக்கை அதுதான். பெரியவள் சொன்ன வயதை ஊரில் ஒருவர்கூட நம்பவில்லை. அவள் சொன்ன அக்காவை எல்லாரும் நம்பினார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லிடேன்" என்று சின்னவள் கெஞ்சினாள்.

"இந்தப் படத்துல நான் கல்யாணப் பொண்ணுடி! வெள்ளிக்கிழமை ரிலீஸ். இப்ப போயி எனக்கு முப்பத்துநாலுன்னு சொன்னா தியேட்டர்ல சிரிப்பாங்க. படம் வரட்டும். சத்தியமா சொல்லிடறேன்."

படம் வந்தது. நூறு நாள் ஓடியது. விளக்குக்காரரின் அம்மா அறுபதாம் நாளே வேறு பெண் பார்த்துவிட்டார்.

சின்னவள் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கோயில் குளம் என்று அலையவும் இல்லை. காலையில் கண்ணை மூடி இரண்டு நிமிஷம் நிற்பாள், அவ்வளவுதான். அந்த இரண்டு நிமிஷத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: சாவதற்குள் ஒரு தடவை, நாலு பேர் காதில் விழும்படி, நான் தங்கச்சியாக வேண்டும்.

கடவுள் காது கொடுத்தார். ஆனால் அவர் அனுப்பியது ஒரு பதக்கத்தை.

*

"அக்கா! இதப் பாரு!" என்று பெரியவள் பத்திரிகையை மேஜைமேல் அறைந்தாள். காலை ரொட்டித் துண்டுகள் துள்ளின. "கலை மன்றம் பதக்கம் தருதாம். எண்பது வயசு தாண்டின மேடைக் கலைஞர்களுக்கு. லிஸ்ட்ல முதல் பேரு யாரு தெரியுமா? மாமியார்!"

மாமியார் என்பது உறவு இல்லை. ஐம்பது படங்களில் மாமியாராகவே வந்து, கதாநாயகியைக் கரண்டியால் அடித்து ஓய்ந்த நடிகைக்கு ஊர் வைத்த பெயர். அடி வாங்கிய கதாநாயகி பெரும்பாலும் தேயாநிலாதான்.

"அவளுக்கு எழுபத்தொன்பது கூட முடியலை! வயசைக் கூட்டிச் சொல்லியிருக்கா. வெட்கம் கெட்டவ! வயசுல யாராவது பொய் சொல்லுவாங்களா?"

சின்னவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவுவதை நிறுத்தவில்லை. "பாப்பா, டீ ஆறுது."

"நானும் மனு போடப்போறேன்."

"உனக்குத்தான் அறுபத்தொன்பதாச்சே. போன மாசம் டிவில சொன்னியே."

"எனக்கு எண்பத்தொண்ணுன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன? பேப்பர் வேணும். பிறப்புச் சர்டிபிகேட்டை அடுப்புல போட்டது யாரு?"

பெரியவள் குரலை இறக்கினாள். இரண்டாம் வரிசைக்கு மட்டும் கேட்கிற குரல். "பேப்பர் இல்லைன்னா கூடப் பொறந்தவங்க கையெழுத்துப் போதுமாம். நீ போடு."

"என்னன்னு?"

"நான் உனக்கு நாலு வயசு மூத்தவன்னு."

"அப்ப நான் யாரு?"

பெரியவள் ரொட்டியைக் கடித்தாள். சின்னவள் கத்தியைத் துடைத்து வைத்தாள்.

"போடறேன். ஆனா பதக்கம் வாங்கற மேடையில, எல்லார் முன்னாடியும், 'இவ என் தங்கச்சி'ன்னு நீ சொல்லணும்."

"அவ்வளவுதானா? நான் என்னமோன்னு பயந்துட்டேன்."

சின்னவளுக்கு அதுதான் சுருக்கென்றது. ஐம்பத்தைந்து வருஷத்துச் சுமையை அவள் இறக்கி வைக்கிறாள். எதிரே இருப்பவள் அதைக் கைப்பை மாதிரி ஒரு விரலில் தூக்குகிறாள். அன்று மாலை முழுக்கப் பெரியவள் நிலைக்கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தாள். தழுதழுத்து ஒரு "தங்கச்சி". பெருமிதமாக ஒரு "தங்கச்சி". பாதியில் குரல் உடைந்து, மூச்சு வாங்கி, ஒரு "தங்...கச்சி". "எது நல்லாயிருக்கு?" என்று கேட்கவும் செய்தாள்.

"சாதாரணமா சொன்னா போதாதா?"

"சாதாரணமாவா? அது கடைசி வரிசைக்குப் போய்ச் சேராதே!"

*

மன்றச் செயலாளர் கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி அணிந்த பெண்மணி. மூன்று மாடி ஏறி வந்த களைப்போடு உட்கார்ந்து, ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பென்சிலால் ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொண்டே போனார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இந்த ஆல்பத்தின்படி நீங்க ஒன்பது வருஷம் இருபத்தெட்டு வயசிலயே இருந்திருக்கீங்க."

"அது நல்ல வயசு" என்றாள் பெரியவள்.

"அப்புறம் முப்பத்தொண்ணு. அடுத்த வருஷம் முப்பது."

"அச்சுப் பிழை."

"சரி. டிவில நீங்க சொன்ன அறுபத்தொன்பது கணக்குப்படி பார்த்தா, பொறந்து ரெண்டே வருஷத்துல மேடையில கைக்குழந்தையோட வர்ற விதவையா நடிச்சிருக்கீங்க. குழந்தை யாரு, நீங்க யாருன்னே தெரியலை." செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். கயிற்றில் அது ஆடியது. சின்னவள் பக்கம் திரும்பினார். "எல்லாப் பேட்டியிலயும் உங்களை அக்கான்னு போட்டிருக்கு. நீங்களே சொல்லுங்கம்மா. நீங்க அக்காவா, தங்கச்சியா?"

பெரியவள் தயாராக இருந்தாள். "அவ என் தங்கச்சி" என்று ஆரம்பித்தாள். மூன்றாம் வகை, உடைந்து மூச்சு வாங்குவது. செயலாளர் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். வலது கண்ணில் ஒரு சொட்டு திரண்டு இறங்கியது. இடது பக்கம் உட்கார்ந்திருந்த சின்னவளுக்குத் தெரிந்த கண்ணில் ஈரமே இல்லை.

சின்னவள் அந்தக் காய்ந்த கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆல்பத்தின் முதல் பக்கம் விரிந்து கிடந்தது. "நான்தான் அக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தேயாநிலா அறுபத்தொன்பதிலேயே நிற்கும். மாமியார் பதக்கத்தோடு படம் எடுத்துக்கொள்வார். விளக்குக்காரருக்கும் ஒரு நியாயம் கிடைத்த மாதிரி இருக்கும்.

ஆனால் அந்தத் தண்டனையைக் கொடுக்க அவள் அதே பொய்யை இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அது வாயில் வரவில்லை. அலுத்துப்போயிருந்தது.

"தங்கச்சிதான்" என்றாள். "எழுபத்தேழு ஆகுது. எங்க கையெழுத்துப் போடணும்?"

*

விழா மண்டபத்தில் பேச்சாளர்கள் ஒன்பது பேர். ஒவ்வொருவரும் சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் பேசினார்கள். ஒருவர் தேயாநிலாவின் கண்ணீரைக் கடலோடு ஒப்பிட்டார். இன்னொருவர் அவள் நடிக்காத இரண்டு படங்களைப் பாராட்டினார். மாமியார் பதக்கம் வாங்கி, கரண்டி பிடிக்கிற மாதிரியே அதைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்.

பெரியவளின் பெயர் அழைக்கப்பட்டது. சட்டைக் கழுத்தில் குட்டி மைக்கைக் குத்தியிருந்தார்கள். மேடைக்கு ஐந்து படி. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. முதல் வரிசையில் சின்னவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதயம் இருபத்திரண்டு வயதுக்காரியின் இதயம் மாதிரி அடித்தது.

பெரியவள் முதல் படியில் காலை வைத்தாள். கை பக்கவாட்டில் நீண்டது. ஐம்பத்தைந்து வருஷப் பழக்கம் தானாக வாயில் வந்தது.

"அக்கா, கையப் பிடி."

மண்டபம் முழுக்க ஒலிபெருக்கியில் அது எதிரொலித்தது. பிறகு தொகுப்பாளர் துள்ளிக் குதித்தார். "கேட்டீங்களா! எண்பத்தொரு வயசு நட்சத்திரத்துக்கு ஒரு அக்கா! அக்கா கையப் பிடிச்சுக்கிட்டு மேடை ஏறுறாங்க! வாங்கம்மா, நீங்களும் வாங்க! பாருங்க, கண்ணாடிகூடப் போடலை! தொண்ணூறு இருக்குமா? தொண்ணூத்தி மூணு?"

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. இருவரும் கைகோத்து ஐந்தாவது படி ஏறியதும் சின்னவள் கையில் யாரோ பூச்செண்டைத் திணித்தார்கள். கம்பு இல்லாமல் நிற்கிறார், பல்லெல்லாம் சொந்தப் பல் போலிருக்கிறதே என்று முன்வரிசையில் வியந்தார்கள். மாமியாரின் முகம் சுண்டிப்போயிருந்தது. பாவம், அவருக்கு அக்கா இல்லை.

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். சொல்லு. இப்ப சொல்லு.

பெரியவளும் அவளைப் பார்த்தாள். வாய் திறந்தது. கைதட்டல் இன்னும் ஓங்கியது. எழுபது வருஷமாகக் கைதட்டலுக்கு வாழ்ந்த உடம்பு அது. குறுக்கே பேசத் தெரியாது. வாய் மெதுவாகப் புன்னகையாக மாறியது. அவள் குனிந்து கூட்டத்தை வணங்கினாள்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. 'எண்பத்தொன்றுக்குத் துணை தொண்ணூற்று மூன்று!'

சின்னவள் அதைக் கத்தரிக்கவில்லை. கத்தரிக்கோலை இழுப்பறையில் வைத்து மூடினாள். சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தனக்கு ஒரு டீ போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து குடித்தாள். ஒரு டீ மட்டும்.

தேயாநிலா அன்று சமையலறைக்கு வழி கண்டுபிடித்தது. டீத்தூள் எந்த டப்பா என்று கேட்டது, பதில் வரவில்லை. மிளகு டப்பாவைத் திறந்து தும்மியது. மூன்று நாள் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டில் பெரியவள், "வாய் தவறிடுச்சு" என்றாள், தட்டைப் பார்த்து.

"வாய் தவறினது முதல் படியில. அஞ்சாவது படியில தவறலை. அங்க யோசிச்சுத்தான் சும்மா இருந்தே."

பெரியவள் தட்டை எடுத்துக்கொண்டுபோய்த் தானே கழுவினாள்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு அவள் யாரிடமும் சொல்லாமல் வெளியே போனாள். கறுப்புக் கண்ணாடி மேஜைமேலேயே கிடந்தது. அது இல்லாமல் அவள் வாசல் தாண்டி நாற்பது வருஷம் ஆயிற்று. படியில் கை பிடிக்க ஆள் வேண்டுமே என்று சின்னவள் எழுந்தாள். பிறகு வைராக்கியமாக உட்கார்ந்தாள். பிறகு எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். அதற்குள் கீழே தெருவில் அவள் கூன் விழுந்த முதுகோடு, சுவரைத் தொட்டுத் தொட்டு, திருப்பம் தாண்டிவிட்டாள்.

மதியம் தொலைபேசி அடித்தது. ஒரு இளம்பெண் குரல்.

"பத்திரிகை ஆபீஸ்லேர்ந்து பேசறோம். திருத்தம் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை சரிபார்க்கணும். உங்களுக்கு வயசு தொண்ணூத்தி மூணா, எழுபத்தேழா?"

"எழுபத்தேழு" என்றாள் சின்னவள். பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "யாரு வந்தாங்க?"

"ஒரு வயசானம்மா. வரிசையில ரொம்ப நேரம் நின்னாங்க, பாவம். உட்காருங்கன்னா, முறை போயிடும்னு உட்காரலை."

"யாருன்னு சொன்னாங்களா?"

"உங்க அக்கான்னு சொன்னாங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலையே. படிவத்துல தொழில்ங்கற இடத்துல கோடு போட்டிருக்காங்க. ஏன், டீச்சரா இருந்தவங்களா? எழுத்து குண்டு குண்டா இருக்கு."

சின்னவள் தொலைபேசியை வைத்தாள். காலையில் நிற்கிற அந்த இரண்டு நிமிஷத்தை அன்று மதியமும் நின்றாள். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் திருத்தம் வந்தது. தொலைந்துபோன சாவிக்கொத்துக்கும் பழைய கட்டில் விற்பனைக்கும் நடுவில், எறும்பு எழுத்தில் மூன்று வரி. 'அவர் என் அக்கா அல்ல, தங்கை. வயது எழுபத்தேழு. ஐம்பத்தைந்து வருடமாகத் தவறாகச் சொல்லி வந்தது நான்.' கீழே சொந்தப் பெயர். தேயாநிலா என்று போடவில்லை. எத்தனை பேர் படித்தார்களோ! கட்டில் வாங்க நினைத்தவர்கள் படித்திருக்கலாம்.

சின்னவள் குளித்துவிட்டு வந்தபோது சமையலறையில் தீய்ந்த வாசனை. பெரியவள் மாவுப் பசை காய்ச்சியிருந்தாள். பாதி பாத்திரத்தில் பிடித்திருந்தது, மீதி அவள் மூக்கில் இருந்தது. மேஜைமேல் ஆல்பத்தின் முதல் பக்கம் விரிந்து கிடந்தது. முதல் பேட்டியில், 'அக்கா' என்ற வார்த்தை இருந்த இடத்தின்மேல், அந்த மூன்று வரித் துண்டு கட்டி கட்டியான பசையோடு ஒட்டியிருந்தது.

"கோணலா ஒட்டியிருக்கே" என்றாள் சின்னவள்.

"எனக்கு என்ன தெரியும்? நீதானே எப்பவும் ஒட்டுவே."

பெரியவள் விரலில் இருந்த பசையைத் துணியில் துடைத்தாள். அது போகவில்லை. தலை நிமிராமல், "படம் வந்ததும் சொல்லிடறேன்னு சொன்னேன்ல. சொல்லிட்டேன்" என்றாள். குரல் மேஜையைத் தாண்டிப் போகவில்லை.

"படம் வந்து நாற்பத்தேழு வருஷம் ஆச்சு."

"ஆமா" என்றாள் பெரியவள்.

சின்னவள் சுற்றிவந்து எதிரே நின்று, அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். வலது கண் காய்ந்திருந்தது. இடது கண்ணும் காய்ந்திருந்தது. சின்னவள் அதை நம்பினாள்.

துண்டின் நுனி பிய்ந்துகொண்டு நின்றது. சின்னவள் விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் பாத்திரத்தை அவளிடம் தள்ளினாள்.

"இதை ஊற வை. அடி பிடிச்சது போகாது. நான் டீ போடறேன்" என்றாள். பிறகு, ஐம்பத்தைந்து வருஷம் வாயில் புழங்காத வார்த்தை ஆனதால் கொஞ்சம் தடுமாறி, "சர்க்கரை எத்தனை ஸ்பூன்க்கா?" என்று கேட்டாள்.